அடகில் போன டென்மார்க்கை மீட்ட அரசர்

1332 ஆகஸ்டில் டென்மார்க் அரசர் இரண்டாம் கிறிஸ்டோஃபர் இறந்தபோது, அவர் கையில் நாடு என்று சொல்லிக்கொள்ள ஏறக்குறைய எதுவுமே இல்லை. யூட்லாந்து தீபகற்பமும் ஃபூனன் தீவும் ஹோல்ஸ்டைன் பிரபு மூன்றாம் கெர்ஹார்டிடம் அடகில் இருந்தன. சீலாந்து, லோலாண்ட், ஃபால்ஸ்டர் தீவுகள் கெர்ஹார்டின் உறவினர் யோஹானிடம். இந்த யோஹான் வேறு யாருமல்ல, கிறிஸ்டோஃபருக்கு ஒரே தாய் வயிற்றில் வேறு தந்தைக்குப் பிறந்த தம்பிதான். நீரிணைக்கு அக்கரையில், இன்று ஸ்வீடனின் தென்முனையாக இருக்கும் ஸ்கோனே அன்று டென்மார்க்கின் செழிப்பான மாகாணம். அதையும் அதே ஆண்டில் ஸ்வீடன் அரசர் மாக்னுஸ் 34,000 மார்க் வெள்ளி கொடுத்து யோஹானிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

அடுத்த எட்டு ஆண்டுகள் அரியணை காலியாகவே கிடந்தது. நாட்டின் வருமானம் நேராகக் கடன் கொடுத்தவர்களின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஓர் அரசன் எதற்கு?

இந்த நிலையில் இருந்த நாட்டை 1340ல் ஏற்று, முப்பத்தைந்து ஆண்டுகள் ஆண்டு, துண்டு துண்டாக மீட்டவர் நான்காம் வால்டெமார். 'அட்டர்டாக்' என்பது அவருக்கு ஒட்டிக்கொண்ட அடைமொழி. போர்வீரராகவும் சூழ்ச்சிக்காரராகவும் அவரைப் பற்றி நிறையக் கதைகள் உண்டு. ஆனால் அவருடைய ஆட்சியைப் புரிந்துகொள்ள வாளைவிடக் கணக்குப் புத்தகத்தைப் பின்தொடர்வதுதான் உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கிருந்து பணம் வந்தது, எதை விற்று எதை மீட்டார் என்று பார்த்தால் அவர் செய்த பல விசித்திரமான காரியங்கள் ஒழுங்காக வரிசையில் வந்து நிற்கும்.

கடன் தொடங்கியது கிறிஸ்டோஃபர் காலத்தில் இல்லை. அவருடைய அண்ணன் எரிக் மென்வெட் 1286 முதல் 1319 வரை ஆண்டவர். வட ஜெர்மனியின் கடற்கரை நகரங்களையும் குறுநிலங்களையும் தன் பிடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குக் கூலிக்கு வந்த ஜெர்மன் குதிரைவீரர்களை நம்பினார். 1311ல் ராஸ்டாக் நகர வாசலில் பிரபுக்களையெல்லாம் திரட்டி அவர் நடத்திய விழாவின் ஆடம்பரம் வெகுகாலம் பேசப்பட்டது. கூலி கேட்டவர்களுக்குக் கொடுக்க வெள்ளி இல்லாதபோது கோட்டைகளைக் கொடுத்தார். வாரிசு இல்லாமல் அவர் இறந்ததும், தம்பி கிறிஸ்டோஃபரை அரசராக ஏற்க பிரபுக்களும் ஆயர்களும் ஒரு நிபந்தனைப் பத்திரத்தில் முத்திரை வாங்கினார்கள். புதிய வரிகள் கூடாது என்பதும் அதில் இருந்தது. கழுத்தளவு கடன், வரி போடவோ தடை. இதில் யார் மாட்டியிருந்தாலும் கதை இப்படித்தான் முடிந்திருக்கும்.

அந்த அடகு நடந்த விதம் நம் ஊர் ஒத்தியைப் போன்றது. பணம் கொடுத்தவர் கோட்டையையும் அதைச் சேர்ந்த கிராமங்களையும் எடுத்துக்கொள்வார். வரி, அபராதம், தானியம் எல்லாம் அவருக்கு. எத்தனை வருடம் அனுபவித்தாலும் அசலில் ஒரு காசு குறையாது. முழு அசலையும் ஒரே கையாகக் கொண்டுவந்து வைத்தால்தான் கோட்டைச் சாவி திரும்பும். வருமானத்தைக் கொடுத்துவிட்டவனுக்கு அசல் எங்கிருந்து சேரும்? ஒரு கோட்டையை மீட்க இன்னொன்றை அடகு வைக்க வேண்டும். ஹோல்ஸ்டைன் பிரபுக்களுக்கு இது நன்றாகவே தெரியும். போதாக்குறைக்கு அவர்கள் கோட்டைகளைத் தங்கள் ஆட்களுக்கு உள் அடகு வைத்தார்கள். அந்த ஆட்கள் போட்ட காசை எடுக்கக் குடியானவர்களைப் பிழிந்தார்கள்.

வால்டெமார் கிறிஸ்டோஃபரின் கடைசி மகன், 1320 வாக்கில் பிறந்தவர். சிறுவயதிலேயே நாட்டைவிட்டு வெளியேறி, ஜெர்மானியப் பேரரசர் பவேரியாவின் லுட்விக்கின் அரவணைப்பில் வளர்ந்தார். பேரரசரின் மகன் பிராண்டன்புர்க் அதிபர். அவருக்கு மணமுடிக்கப்பட்டவர் வால்டெமாரின் அக்காள் மார்கரெட். இந்த உறவுதான் பையனுக்கு முதலீடு. மூத்த அண்ணன் எரிக் இறந்துவிட்டார். அடுத்தவர் ஓட்டோ 1334ல் யூட்லாந்தில் படையோடு இறங்கி, தோற்று, கெர்ஹார்டின் சிறையில் கிடந்தார். படையெடுத்து நாட்டை மீட்பது நடக்காத காரியம் என்பதற்கு ஓட்டோவைவிடத் தெளிவான பாடம் தம்பிக்குக் கிடைத்திருக்க முடியாது.

திருப்பம் 1340 ஏப்ரல் 1 இரவு நேர்ந்தது. ராண்டர்ஸ் நகரில் தங்கியிருந்த கெர்ஹார்டை, நீல்ஸ் எப்பெசென் என்ற யூட்லாந்துப் பிரபு ஆட்களோடு உள்ளே புகுந்து கொன்றார். டேனியர்களுக்கு அவர் இன்றும் நாட்டுப்பாடல் நாயகன். அந்த நவம்பரிலேயே அவரும் போரில் மாண்டார். கெர்ஹார்டின் மகன்களுக்குத் தந்தையின் சொத்தைக் காப்பாற்ற வேண்டும். கலவரம் பரவுவதைவிட, ஒழுங்காகப் பேரம் பேசக்கூடிய ஓர் அரசன் வருவதே மேல் என்று பட்டது. அந்தக் கோடையில் லூபெக்கில் பேச்சுவார்த்தை முடிந்தது. புனித யோவான் திருநாளான ஜூன் 24 அன்று வீபோர் நகர மன்றத்தில் வால்டெமார் அரசராக ஏற்கப்பட்டார். வயது இருபது.

திருமணமும் அதே ஆண்டு நடந்தது. மணப்பெண் தென் யூட்லாந்து கோமகனின் தங்கை ஹெல்விக். சீதனமாக வந்தது யூட்லாந்தின் வடபகுதி. வேறு ஒருவருக்கு அடகில் இருந்த நிலத்தின் ஒரு துண்டு, சீதனக் கணக்கில் நேர்செய்யப்பட்டு அரசர் கைக்கு வந்தது. மீட்சியின் முதல் தவணை மனைவி கொண்டுவந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

அதற்குப் பிறகு நடந்ததில் ஒரு முறை உண்டு. ஒரு பகுதியின் வருமானம் கைக்கு வந்ததும் அதை வைத்து அடுத்த கோட்டையை மீட்பது. பணம் போதாத இடத்தில் முற்றுகை. முற்றுகைக்குத் தெம்பில்லாத இடத்தில் கடன்காரருக்குள்ளேயே சண்டை மூட்டிவிட்டு, உள் அடகு பிடித்திருந்தவரிடம் தனியாகப் பேரம். திருச்சபையும் உதவியது. ரோஸ்கில்ட் ஆயர் கோபன்ஹேகன் கோட்டையை அரசருக்கு விட்டுக்கொடுத்தார். அன்று அது தலைநகர் இல்லை, ஆயருக்குச் சொந்தமான ஒரு துறைமுக ஊர். 1340களின் நடுவில் வோர்டிங்போர் உட்பட சீலாந்தின் முக்கியக் கோட்டைகள் அவரிடம் வந்துவிட்டன. மீட்ட கோட்டையை மறுபடி பிரபுக்களிடம் ஒப்படைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தன் அதிகாரிகளை வைத்தார். அவர்கள் கணக்குக் காட்ட வேண்டும். ஐம்பது ஆண்டுகளாக அந்த நாட்டில் யாரும் யாருக்கும் கணக்குக் காட்டியதில்லை.

எதை விடுவது என்பதிலும் அவருக்குத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. 1343ல் ஸ்கோனே மீதிருந்த உரிமையை மாக்னுஸுக்கு முறைப்படி எழுதிக்கொடுத்தார். அதே ஆண்டு ஏப்ரலில், டென்மார்க்கின் கையில் இருந்த வட எஸ்டோனியாவில் புனித ஜார்ஜ் இரவுக் கலகம் வெடித்தது. கலகத்தை அடக்கியது ஜெர்மானிய வீரத்துறவியர் சபை. அடக்கியவர்கள் அங்கிருந்து கிளம்புவதாக இல்லை. தூரத்தில் இருக்கிற, காப்பாற்ற முடியாத, சல்லிக்காசு தேறாத நிலம். 1346 ஆகஸ்ட் 29ல் அந்தச் சபைக்கே அதை 19,000 கொலோன் மார்க்குக்கு விற்றார். ஒரு கொலோன் மார்க் ஏறக்குறைய 234 கிராம் வெள்ளி. மொத்தம் நாலரை டன்னுக்குச் சற்றுக் குறைவு. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக டேனியக் கொடி பறந்த தாலின் கோட்டை கைமாறியது. அந்த வெள்ளி டென்மார்க்குக்குள் அடகுகளை மீட்கப் போனது. கையோடு எருசலேமுக்குப் புனிதப் பயணமும் போய்வந்தார். போப்பிடம் முன்கூட்டி அனுமதி வாங்கவில்லை என்று ஒரு சலசலப்பு.

1349, 1350ல் கொள்ளைநோய் டென்மார்க்கை வாரிக்கொண்டு போனது. ஆளில்லாத பண்ணைகள், உழவில்லாத வயல்கள். வரிப்பணம் வறண்டது உண்மை. ஆனால் வாரிசில்லாமல் கிடந்த நிலங்களில் அரசரின் ஆட்கள் முதலில் போய் நின்றார்கள். அரச நிலம் என்று எப்போதாவது பதிவான எதையும் வைத்திருந்தவர்கள் பத்திரத்தைக் காட்டச் சொல்லப்பட்டார்கள். காட்ட முடியாதவர்களின் நிலம் போனது. ஓடைகளில் அணை கட்டி மாவு ஆலைகள் வைத்தார். தன் நாட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வேலை செய்யாமல் கடலுக்குப் போகக் கூடாது என்று அவர் சொன்னதாக ஒரு மரபு. சொன்னாரோ இல்லையோ, அவருடைய குடிமக்களுக்கு அது நம்பும்படியாக இருந்தது. வரி, கோட்டை வேலை, படைக்கு ஆள் என்று அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஹோல்ஸ்டைன்காரன் பிழிந்தாலும் சொந்த அரசன் பிழிந்தாலும் குடியானவனுக்கு வலி ஒன்றுதான். மீட்சியின் விலையைக் கொடுத்தவர்கள் இவர்கள்.

யூட்லாந்துப் பிரபுக்கள்தான் முதலில் எதிர்த்தவர்கள். 1350களில் கலகம், சமாதானம், மறுபடி கலகம். 1358 இறுதியில் அவர்களுடைய தலைவர்கள் சிலர், நீல்ஸ் புக்கே என்பவர் முன்னிற்க, பேச்சுவார்த்தைக்காகச் சீலாந்து வந்தார்கள். பேச்சு முறிந்தது. ஊர் திரும்பும் வழியில், ஃபூனன் தீவின் மேற்குக் கரையில் உள்ள மிடெல்ஃபார்ட் ஊரில், நீரிணையைக் கடக்கக் காத்திருந்தபோது புக்கேயும் உடன் வந்த பிரபுக்களும் கொல்லப்பட்டார்கள். தனக்கு இதில் சம்பந்தமில்லை என்றார் அரசர். யூட்லாந்தில் அதை நம்பியவர் குறைவு. பழி கடைசியில் ஊர்க்காரர்கள் தலையில் விழுந்தது. 'புக்கே பணம்' என்ற பெயரில் மிடெல்ஃபார்ட்டின் சில மனைகள் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் ஆண்டுதோறும் அபராதம் கட்டிக்கொண்டிருந்தன. யார் கொன்றது, யார் சொல்லிக் கொன்றது என்பதெல்லாம் தெரியாமலே தலைமுறை தலைமுறையாகக் கட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகு 1360 மே மாதம் காலுண்ட்போரில் அரசரும் மக்கள் பிரதிநிதிகளும் ஒரு நாட்டு அமைதி உடன்படிக்கை செய்துகொண்டார்கள். சட்டத்தை அரசர் மதிப்பார், குடிகள் அரசரின் உரிமையை மதிப்பார்கள் என்பது சாரம். வீட்டுக்குள் கணக்கு ஓரளவு தீர்ந்தது. அதே ஆண்டில் அவர் வெளியே கை நீட்டினார்.

நீட்டிய இடம் ஸ்கோனே. ஸ்வீடனில் மாக்னுஸ் தன் மகனோடும் பிரபுக்களோடும் சண்டையிட்டுக் களைத்திருந்தார். உதவிக்கு வருவதாகச் சொல்லிக்கொண்டே வால்டெமார் ஹெல்சிங்போர் கோட்டையை எடுத்தார். அதோடு மாகாணமும் வந்துவிட்டது. மாக்னுஸ் கொடுத்த 34,000 மார்க்கில் ஒன்றுகூடத் திரும்பக் கொடுக்கவில்லை. அடகுகளை நாணயமாகக் காசு கொடுத்து மீட்டவர் என்று அவரைப் போற்றுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

ஸ்கோனேயின் மதிப்பு நிலத்தில் மட்டும் இல்லை. அதன் தென்மேற்கு மூலையில் ஸ்கானோர், ஃபால்ஸ்டர்போ என்ற இரண்டு மணல்திட்டு ஊர்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஹெர்ரிங் மீன் நீரிணைக்குள் கூட்டங்கூட்டமாக நுழையும். வெள்ளிக்கிழமையும் தவக்காலமும் இறைச்சி தொடாத ஐரோப்பா முழுதுக்கும் அந்த மீன்தான் உணவு. கடற்கரையில் லூபெக், ஸ்ட்ரால்சுண்ட், டான்சிக் என்று ஒவ்வொரு வணிக நகரத்துக்கும் அளந்துவிட்ட மனை. அங்கே அந்த நகரத்தின் கொடி, அந்த நகரத்தின் நீதிபதி, குடிசைகள், தேவாலயம். படகு கரைக்கு வந்ததும் பெண்கள் உட்கார்ந்து மீனின் செவுளையும் குடலையும் பிடுங்கி எறிவார்கள்; லூனபுர்கிலிருந்து லூபெக் வழியாக வந்த உப்பைப் போட்டுப் பீப்பாயில் அடுக்கி மூடி, தரம் பார்த்து முத்திரை குத்துவார்கள். படகுக்கு வரி, வண்டிக்கு வரி, கடைக்கு வரி, ஏற்றுமதிக்குச் சுங்கம். எல்லாம் டேனிய அரசரின் அதிகாரியிடம் ரொக்கமாக. வருடத்தில் இரண்டு மூன்று மாதத்தில், அறுவடைக்குக் காத்திராமல் வெள்ளி கொட்டும் இடம் வட ஐரோப்பாவில் இதைப் போல வேறில்லை.

மறு ஆண்டு ஜூலையில் அவர் பால்டிக் கடல் நடுவிலுள்ள கோட்லாந்து தீவில் இறங்கினார். அதன் தலைநகர் விஸ்பி, ஹான்சா வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த பணக்காரத் துறைமுகம். தீவின் குடியானவர்கள் நகர மதிலுக்கு வெளியே அவரை எதிர்த்து நின்றார்கள். 1361 ஜூலை 27. மதிலின் கதவுகள் அவர்களுக்குத் திறக்கவில்லை. நகரத்து வணிகர்கள் உள்ளேயே இருந்துகொண்டார்கள். ஏறக்குறைய 1,800 பேர் அன்று விழுந்தார்கள் என்பது வழக்கமான மதிப்பு. வெயில் காலமாகையால் உடல்களைக் கவசத்தோடேயே குழிகளில் தள்ளி மூடினார்கள். 1905லும் பிறகு 1920களின் இறுதியிலும் அந்தக் குழிகளைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. இரும்பு வளையக் கவசத் தலைமூடிக்குள் இன்னும் மண்டையோடு இருந்தது. மண்டை எலும்புகளிலும் முழங்காலுக்குக் கீழும் வெட்டுகள் ஏராளம். பதின்ம வயதுப் பையன்கள், முதியவர்கள், பழைய காயத்தால் காலை இழுத்து நடந்திருக்க வேண்டியவர்கள் என்று எலும்புகள் ஒவ்வொன்றும் சொல்கின்றன. தீவில் ஆயுதம் தூக்கக்கூடிய எல்லோரும் வந்திருக்கிறார்கள், தூக்க முடியாதவர்களும்தான். அவர்களுக்காக நட்ட கல் சிலுவை இன்றும் அங்கே நிற்கிறது.

விஸ்பி சரணடைந்தது. சந்தையில் மூன்று பீப்பாய்களை வைத்து, மாலைக்குள் தங்கத்தாலும் வெள்ளியாலும் நிரப்புங்கள் என்று அரசர் மிரட்டியதாகச் சொல்லப்படும் கதை பிற்காலத்தது. 1882ல் கார்ல் குஸ்டாஃப் ஹெல்க்விஸ்ட் தீட்டிய ஓவியம் அதை நிலைக்கச் செய்துவிட்டது. ஆவணத்தில் இருப்பது, இரண்டு நாள் கழித்து விஸ்பியின் வணிக உரிமைகளை அவர் உறுதிசெய்து கொடுத்ததுதான். பொன்முட்டையிடும் வாத்தை அவர் அறுப்பவர் இல்லை.

ஆனால் அவருடைய கணக்கு முதன்முறையாகப் பிசகியது இங்கேதான் என்பேன். அதுவரை அவர் மோதியது தனித்தனிக் கடன்காரர்களோடு. ஒருவரை மற்றவருக்கு எதிராக நிறுத்த முடிந்தது. ஸ்கோனேயின் சுங்கத்தையும் பிடித்து விஸ்பியையும் பிடித்ததும், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத வணிக நகரங்களுக்கு ஒத்துப்போகக் காரணம் கிடைத்துவிட்டது.

முதல் சுற்றில் அவருக்கே வெற்றி. 1362ல் லூபெக் மேயர் யோஹான் விட்டன்போர்க் தலைமையில் வந்த கப்பற்படை ஹெல்சிங்போரை முற்றுகையிட வீரர்களைக் கரையில் இறக்கியது. ஆளில்லாமல் நின்ற கப்பல்களை வால்டெமார் பாய்ந்து பிடித்தார். தோற்றுத் திரும்பிய மேயரின் தலையை லூபெக்காரர்கள் மறு ஆண்டு சந்தைத் திடலில் வெட்டினார்கள். வணிகர்களின் கோபம் அப்படி. அரசர் தரப்பிலும் இழப்பு உண்டு. வாரிசான மகன் கிறிஸ்டோஃபர் 1363ல் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் பத்து வயது மகள் மார்கரேத்தேயை நார்வே அரசர் ஹோகோனுக்கு மணம் செய்து கொடுத்தார். பிறகு பிராக், கிராக்கோவ், அவிஞோன் என்று ஒரு சுற்றுப்பயணம். கிராக்கோவில் பேரரசரும் போலந்து, ஹங்கேரி, சைப்ரஸ் அரசர்களும் கூடிய விருந்தில் இருந்தார். போப் தங்க ரோஜா பரிசளித்தார். முப்பது வருடம் முன்பு அடகில் கிடந்த நாட்டின் அரசர்.

இரண்டாம் சுற்று வேறு மாதிரி. 1367 நவம்பரில் லூபெக், பிரஷ்ய நகரங்கள், நெதர்லாந்து நகரங்கள் எல்லாம் கொலோனில் கூடி ஒப்பந்தம் செய்தன. போர்ச் செலவுக்குத் தங்கள் சரக்குகள் மீதே ஒரு தீர்வையும் போட்டுக்கொண்டன. வால்டெமார் வரி போட்டால் கலகம் வரும். இவர்கள் தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டார்கள். ஸ்வீடன் அரியணையில் புதிதாக அமர்ந்த, வட ஜெர்மனியின் மெக்லன்போர்க் வம்சம், ஹோல்ஸ்டைன் பிரபுக்கள், யூட்லாந்துக் கலகக்காரர்கள் அனைவரும் சேர்ந்துகொண்டார்கள். 1368 வசந்தத்தில் அரசர் ஆட்சிப் பொறுப்பை ஹென்னிங் பொடெபுஸ்க் என்ற தலைமை அமைச்சரிடம் கொடுத்துவிட்டு நாட்டைவிட்டே வெளியேறினார். ஆதரவு தேடிப் போனார் என்றும் சொல்லலாம், ஓடினார் என்றும் சொல்லலாம். கோபன்ஹேகன் விழுந்தது, அதன் கோட்டையை வெறுமனே எரிக்காமல், கல்தச்சர்களை வைத்துக் கல் கல்லாகப் பெயர்த்தார்கள்.

1370 மே 24ல் ஸ்ட்ரால்சுண்டில் பொடெபுஸ்க் செய்த உடன்படிக்கையின்படி ஸ்கானோர், ஃபால்ஸ்டர்போ, மால்மோ, ஹெல்சிங்போர் கோட்டைகள் பதினைந்து ஆண்டுகளுக்கு ஹான்சாவிடம் போயின. வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுக்கு. அடுத்த அரசர் யார் என்பதிலும் அவர்களுக்கு ஒரு சொல். டேனிய வரலாற்றில் இதை அவமானமாக எழுதுவது வழக்கம். தந்தையின் அடகுகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். கிறிஸ்டோஃபர் வைத்தவற்றில் அசல் கட்டும்வரை என்பதுதான் கெடு. இங்கே தேதி எழுதப்பட்டிருந்தது, திருப்பிக்கொடுக்க அசல் எதுவும் இல்லை, மூன்றில் ஒரு பங்கு அரசருக்கு வந்துகொண்டிருந்தது. நகரங்களுக்கு நிலம் வேண்டாம், லாபம் போதும் என்பதைப் பொடெபுஸ்க் சரியாகக் கணித்திருந்தார். அரசரை நாட்டைவிட்டு விரட்டிய கூட்டணியில் நிலம் கேட்டவர்கள் ஹோல்ஸ்டைனும் மெக்லன்போர்க்கும்தான். ஹான்சா தனியாகச் சமாதானம் செய்துகொண்டதும் அவர்கள் கையறுநிலைக்கு வந்தார்கள்.

வால்டெமார் திரும்பி வந்து யூட்லாந்துக் கலகக்காரர்களைப் படியவைத்தார். ஸ்லெஸ்விக் எனப்படும் தென் யூட்லாந்து நிலங்களில் அடகுகளைக் கடைசிவரை ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டிருந்தார். 1375 அக்டோபர் 24ல் சீலாந்தின் வடக்கே, காட்டுக்கு நடுவிலிருந்த குர்ரே கோட்டையில் காலமானார். அவருக்குப் பிடித்த இடம் அது. கடவுள் தன் சொர்க்கத்தை வைத்துக்கொள்ளட்டும், எனக்குக் குர்ரே போதும் என்று அவர் சொன்னதாகவும், அந்தத் தெய்வ நிந்தனைக்காக இரவில் குதிரையேறிக் காட்டில் அலைகிறார் என்றும் கதை. வரி கட்டியவர்கள் கட்டிய கதையாக இருக்கலாம்.

மகன் இல்லை. மூத்த மகள் இங்கெபோர்க் மெக்லன்போர்க்கில் வாழ்க்கைப்பட்டவர். அவர் மகனுக்கே அரியணை என்று வால்டெமார் முன்பு வாக்களித்தும் இருந்தார். இளையவள் மார்கரேத்தே அந்த வாக்குக்காகக் காத்திருக்கவில்லை. 1376 மே மாதம் தன் ஐந்து வயது மகன் ஓலாஃபை டேனிய அரசராகத் தேர்ந்தெடுக்க வைத்தார். தேர்வில் சொல்லும் உரிமை பெற்றிருந்த ஹான்சா மெக்லன்போர்க் பையனுக்காகக் குரல் எழுப்பவில்லை. அந்த வம்சத்தின் கையில் ஸ்வீடனோடு டென்மார்க்கும் சேர்ந்தால் நீரிணையின் இரு கரையும் ஒரே ஆளிடம் போகும். தந்தையின் உடலை வோர்டிங்போரிலிருந்து எடுத்துவந்து சோரோ மடத்துத் தேவாலயத்தில் அடக்கம் செய்தவரும் மார்கரேத்தேதான். ஸ்கோனேயின் நான்கு கோட்டைகளும் சொன்ன கெடுப்படி 1385ல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அந்த ஆண்டின் ஹெர்ரிங் பருவச் சுங்கம் பழையபடி முழுவதுமாக டேனிய அரசுக்கு வந்தது.